கண்ணாடிப் பெட்டிக்காரரும் உன் அம்மாவும்

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, கதவுக்குப் பின்னால் தொங்கும் உன் பச்சை மழைச்சட்டையை எடுத்து, அதன் கழுத்துப் பட்டிக்குள் முகத்தை வைத்து முகர்ந்து பார்த்ததுதான். தேநீருக்குத் தண்ணீர்கூட வைக்கவில்லை. முன்பெல்லாம் அதில் உன் தலை எண்ணெயின் வாசமும், நீ எப்போதும் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கும் இருமல் மிட்டாயின் வாசமும் இருக்கும். இன்று ரப்பர் மணம் மட்டும்தான். பைக்குள் கையை விட்டேன். மிட்டாய்த் தாள் ஒன்று சரசரத்தது. அதை எடுக்காமல் கையை வெளியே இழுத்துக்கொண்டேன்.

சட்டையை மறுபடி மாட்டினேன். பிறகு எடுத்து நாற்காலியில் போட்டேன். யாரோ அதில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. திரும்பவும் கதவுக்கே கொண்டு போனேன். இந்தக் கிழமை முழுவதும் இப்படித்தான் இருக்கிறேன். சமைக்கத் தொடங்கிவிட்டு நடுவில் வெளியே போய்விடுகிறேன். ரெய்னர்ஸ் லேன் கடைத்தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து, ஒன்றும் வாங்காமல் திரும்பி வருகிறேன். மரக்கறிக் கடைக்காரர் நேற்று முன்தினம் கேட்டே விட்டார். "என்ன அக்கா, எதையும் துலைச்சிட்டீங்களோ?"

செவ்வாய்க்கிழமை மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். மெதுவான, பழகிய குரல். நீ எழுதிக் கொடுத்த உன் உடலை வைத்து நடந்த படிப்பு முடிந்துவிட்டதாம். இனித் தகனம் செய்யப் போகிறார்களாம். உன் விருப்பம் அவர்களிடம் இருக்கிறது: சாம்பலை யாருக்கும் கொடுக்க வேண்டாம், அவர்களே தூவிவிடலாம். "ஆனாலும் ஒருமுறை கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். கேட்க வேண்டியவர் என்று உங்கள் பெயரைத்தான் தந்திருக்கிறார். திங்கட்கிழமைக்குள் சொன்னால் போதும்" என்றாள்.

அந்த இடத்திலேயே நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். நீ என்னிடம் கேட்டது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். "அம்மாட்டக் கேக்க மாட்டினம், உன்னட்டத்தான் கேப்பினம். ஓம், அப்பிடியே செய்யுங்கோ எண்டு சொல்லு. வேற ஒண்டும் சொல்லாதை." நானும் தலையாட்டியிருந்தேன். ஆனால் தொலைபேசியில் வாய் வரவில்லை. திங்கட்கிழமை எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்று ஞாயிறு.

நாம் முதலில் சந்தித்தது அந்தக் கண்ணாடிப் பெட்டிக்காரருக்கு முன்னால்தான், நினைவிருக்கிறதா? பல்கலைக்கழகத்தின் நீண்ட தாழ்வாரம் முடியும் இடத்தில் ஒரு மர அலமாரி நின்றது. நான் முதலாம் வருடம், வகுப்பு அறையைத் தேடித் தவறிப்போய் அங்கே வந்து சேர்ந்தேன். அலமாரிக் கதவு திறந்திருந்தது. கண்ணாடிக்கு உள்ளே, அகன்ற விளிம்புத் தொப்பியும் மண்ணிறக் கோட்டும் போட்ட ஒரு கிழவர் கால்களுக்கிடையில் கைத்தடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாய்க்குள் ஐயோ என்றிருக்க வேண்டும். அதனால்தான் உனக்கு நான் தமிழ் என்று தெரிந்தது.

"பயப்பிடாதை," என்று பின்னாலிருந்து உன் குரல் வந்தது. "தலை மட்டும் மெழுகு. மிச்சமெல்லாம் அவர்தான்."

"மிச்சம் எண்டா?"

"எலும்பு. மேல வைக்கோல். சொந்த உடுப்பு. தன்னை இப்பிடித்தான் இருத்த வேணும் எண்டு தானே சொல்லி வைச்சிட்டுச் செத்த மனுசன்." பிறகு கண்ணாடியை எட்டிப் பார்த்துச் சிரித்தாய். "என்ர அம்மா இவரைக் கண்டா, செபமாலையை எடுத்திடுவா."

அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. தாழ்வாரத்தின் கல் இருக்கையில் உட்கார்ந்து நீ அவருடைய கதையைச் சொன்னாய். இருநூறு வருடங்களுக்கு முன், அறிவொளிக் காலம் என்று இன்று நாம் சொல்லும் காலத்தில், இதே லண்டனில் வாழ்ந்த தத்துவவாதி. தகப்பன் பெரும் வழக்கறிஞனாக்க நினைத்த பிள்ளை. சின்ன வயதிலேயே தடித்த புத்தகங்களைத் தூக்கி வைத்துப் படித்த பிள்ளை. சட்டம் படித்து முடித்ததும், இருக்கும் சட்டத்தைப் பார்த்து அருவருத்து, வழக்குப் பேசப் போகாமல் வீட்டிலேயே இருந்து, சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆயுள் முழுவதும் எழுதியவர். எழுதிக் குவித்ததில் முக்கால்வாசியை அச்சிடக்கூட இல்லை. கலியாணம் கட்டவில்லை. பூனைக்குப் பட்டப் பெயர் வைத்தார். கைத்தடிக்குப் பெயர் வைத்தார். தேநீர்க் கேத்தலுக்கும் பெயர் வைத்தார்.

"விசரர்," என்றேன் நான்.

"ஓம், விசரர்தான். ஆனால் கேள். ஒரு சட்டம் நல்லதோ கெட்டதோ எண்டு பார்க்க, ராசாவைக் கேக்காதை, வேதத்தைக் கேக்காதை, அதால ஆருக்குச் சுகம், ஆருக்கு நோவு எண்டு கேள் எண்டவர். மிருகத்துக்குப் புத்தி இருக்கோ எண்டு பார்க்காதை, அதுக்கு நோகுமோ எண்டு பார் எண்டவர். அந்தக் காலத்தில! ஆம்பிளையும் ஆம்பிளையும் விரும்பினா ஆருக்கு என்ன நட்டம் எண்டு எழுதி, வெளியில விடப் பயந்து பெட்டிக்குள்ள வைச்சிருந்தவர்."

பயந்தார் என்பதை நீ எவ்வளவு அன்பாகச் சொன்னாய். அவருடைய பெருமைகளைவிட அவருடைய தோல்விகளில்தான் உனக்கு விருப்பம். நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் கைதிகளின் அறைகள், கோபுரத்தில் இருப்பவன் எல்லோரையும் பார்க்கலாம், அவனை யாரும் பார்க்க முடியாது. அப்படி ஒரு சிறைச்சாலையைக் கட்ட அவர் வருடக் கணக்காக அரசாங்கத்தின் வாசலில் அலைந்தார். அது கட்டப்படவே இல்லை. அந்தக் கசப்பு அவருக்குக் கடைசிவரை போகவில்லை. "எல்லாருக்கும் சுகம் வேணும் எண்டு கேட்ட மனுசன், எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு வீட்டைப் படம் கீறினார் பார்," என்பாய். பிறகு அடுத்த மூச்சில், "எங்கட ஆக்களுக்கு அந்தக் கோபுரம் தேவையில்லை. பூசை முடிய வாசல்ல நிக்கிற ரெண்டு அன்ரிமார் காணும்."

அந்த அலமாரியின் முன்னால்தான் நம் விளையாட்டும் தொடங்கியது. எதையாவது முடிவு செய்ய வேண்டுமென்றால் அவருடைய கணக்குப் போட்டுப் பார்ப்பது. எவ்வளவு சுகம்? எவ்வளவு காலத்துக்கு? எவ்வளவு நிச்சயம்? வேறு ஆருக்கு நோகும்? ஒவ்வொரு கேள்விக்கும் நீ ஒரு விரலை மடக்குவாய். வீட்டார் எனக்குப் பேசிக்கொண்டிருந்த கலியாணத்தை டூட்டிங்கில் ஒரு கொத்துரொட்டிக் கடையில் வைத்துக் கணக்குப் பார்த்தோம். தகரத்தில் கத்தி அடிக்கும் சத்தத்துக்கு மேலாக நீ கத்தினாய்.

"ஆளில என்ன குறை சொல்லு."

"குறை எண்டில்லை. சாப்பிடேக்க சத்தம் வரும்."

"எவ்வளவு காலத்துக்கு வரும்?"

"சாகும்வரைக்கும்தான்."

"எவ்வளவு நிச்சயம்?"

"முழு நிச்சயம்."

"விடு," என்று கையைத் தட்டிவிட்டு என் தட்டிலிருந்த முட்டைத் துண்டை எடுத்து வாயில் போட்டாய். நான் விட்டுவிட்டேன். அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. உனக்குத் தெரியும்.

பிறகு நீ ஹரோவில் ஒரு கல்லூரியில் தத்துவம் கற்பிக்கப் போனாய். நான் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளராக வந்துவிட்டேன். வைத்தியர் சொல்வதைத் தமிழில் சொல்வது, நோயாளி சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வது. என் வேலையில் முதல் விதி, கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது. ஒரு தாய்க்கு அவளுடைய பிள்ளையின் நோயைப் பற்றிச் சொல்லும்போதும், கிழவர் ஒருவர் வைத்தியரைத் தூஷணத்தால் ஏசும்போதும், சொன்னது சொன்னபடி. நீ கேலி செய்வாய். "நீ ஒரு தண்ணிக் குழாய். ஒரு பக்கத்தால வாறது மற்றப் பக்கத்தால போகும்." நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். நீ என் பெயரைக் கொடுத்ததும் அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். குழாய் தானாக ஒன்றும் சேர்க்காது என்று நம்பினாய்.

நோய் வந்த அந்த வசந்தத்தில், உன் வீட்டு யன்னலோரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பச்சைச் சட்டையை என்னிடம் தந்தாய். "நான் இனி மழையில எங்க போறது. நீ போடு. உன்ர மழைச்சட்டை ஓட்டைக் குடையை விட மோசம்." பிறகு சாதாரணமாக, மளிகைக் கடைக்குப் போவதைப் பற்றிப் பேசுவது போல, உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய்.

"கண்ணாடிப் பெட்டிக்காரரைப் போலவோ?" என்றேன்.

"பெட்டி வேண்டாம் எனக்கு. அது அவற்ற பெருமை. முதல் பாதி மட்டும் காணும்."

முதல் பாதி எனக்குத் தெரியும். நீதான் சொல்லியிருந்தாய். அவருடைய காலத்தில், தூக்கில் போட்ட கொலைகாரரின் உடலைத்தான் வெட்டிப் படிக்கக் கொடுப்பார்களாம். அதனால் அறுக்கப்படுவது தண்டனை, அவமானம். போதாததற்குப் புதைகுழிகளைத் தோண்டி ஏழைகளின் உடல்களைத் திருடி விற்றார்கள். அவர் சொன்னார், என் உடலை எடுங்கள், என் நண்பர்களை அழைத்து அவர்கள் முன்னால் அறுத்துப் பாருங்கள் என்று. ஒரு வைத்திய நண்பர் அப்படியே செய்தார். வெளியில் இடியும் மின்னலுமாக இருந்ததாம். அந்த இடியை நீ எல்லாச் சமயத்திலும் கையைத் தட்டித்தான் சொல்வாய்.

அன்று தட்டவில்லை. "அப்பாட உடம்பு ஒருத்தருக்கும் உதவேல்லை," என்றாய். "எங்களுக்குக்கூட உதவேல்லை. எங்க எண்டே தெரியாது. என்ர உடம்பாவது ஆரோ ஒரு பிள்ளைக்கு, இது ஈரல், இது நரம்பு எண்டு காட்டட்டும்."

உன் அப்பா போர்க் காலத்தில் மன்னாரில் ஒருநாள் சைக்கிளில் வெளியே போனவர், திரும்பி வரவில்லை. உனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. அதற்குப் பிறகு அம்மாவும் நீயும் ஜேர்மனி, பிறகு லண்டன். உன் அம்மா இன்றுவரை அவரைப் பற்றி இறந்த காலத்தில் பேசுவதில்லை. கோயிலில் இறந்தவர்களுக்காக மன்றாடும்போது அவர் பெயரைக் கொடுப்பதில்லை.

அதனால்தான் நான் கேட்டேன். "அன்ரி? அவவுக்கு ஒரு கல்லறையாவது வேண்டாமோ?"

நீ விரலை மடக்கவில்லை. கணக்கை முன்பே போட்டு முடித்திருந்தாய். "கல்லறை இருந்தா ஒவ்வொரு ஞாயிறும் ரெண்டு பஸ் மாறி வந்து நிப்பா. பனியில நிப்பா, மழையில நிப்பா. குளிர் பிடிச்சு விழுவா. இல்லாட்டி, கொஞ்ச நாள் அழுவா, பேந்து விட்டிடுவா. எனக்குத் தெரியும் அவவை."

எனக்கு அது சரியாகப் பட்டது. நீ சொன்னால் எல்லாம் சரியாகத்தான் படும்.

ஆனால் அவ விடவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உன் இறுதித் திருப்பலியில், சவப்பெட்டி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு மேசை போட்டு உன் படத்தை வைத்திருந்தார்கள். எல்லோரும் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். உன் அம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றா. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசை விரிப்பின் மடிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தா. அதன் பிறகு அவ ஓய்ந்து இருந்ததை நான் காணவில்லை. காலைப் பூசை, அங்கிருந்து யாராவது நோயாளி வீடு, அங்கிருந்து கடை, மறுபடி கோயில். வட லண்டன் எட்மண்டனில் அவவுடைய வீட்டுக்குப் போனால் கோட்டுப் போட்டபடிதான் தேநீர் ஊற்றித் தருவா. நவம்பர் மாதம் பங்குச் சனங்கள் சேமக்காலைக்குப் போய்த் தங்கள் தங்கள் கல்லறைகளைத் துடைத்து மெழுகுதிரி ஏற்றும்போது, அவவும் ஒரு பை மெழுகுதிரியோடு போவா. மற்றவர்களின் கல்லறைகளைக் கழுவிக் கொடுப்பா. கவனிப்பாரற்ற கல் எதையாவது கண்டால் அதற்கும் ஒன்றை ஏற்றிவிட்டு வருவா.

கடந்த முறை அங்கிருந்து வந்த பிறகுதான் என்னிடம் கேட்டா. "பிள்ளை, அவள் எப்பவும் சொல்லுற அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கார மனுசனை ஒருக்கா எனக்குக் காட்டுறியோ?"

குளிர் காலம் போகட்டும் என்று தள்ளிப் போட்டேன். நேற்றுத்தான் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவக் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்ததை அவவுக்குச் சொல்லவில்லை. நீ சொல்ல வேண்டாம் என்றாய்.

அவர் இப்போது அந்தத் தாழ்வாரத்தில் இல்லை, தெரியுமா? புதிய கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மர அலமாரி போய்விட்டது. நான்கு பக்கமும் கண்ணாடி. மாணவர்கள் கணினியோடு போகிறதும் வருகிறதுமாக இருக்கும் இடத்தின் நடுவில் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரையும் பார்க்கும் கோபுரத்தைக் கனவு கண்டவரை இப்போது எல்லாப் பக்கத்தாலும் எல்லோரும் பார்க்கிறார்கள். நீ இருந்திருந்தால் இதற்கு ஒரு மணி நேரம் சிரித்திருப்பாய்.

உன் அம்மா நீலச் சேலை, மேலே தடித்த கோட்டு, கையில் அந்தக் கறுப்புத் தோல்பை. பக்கத்து வாங்கில் ஒரு பெண் காலை மடித்து உட்கார்ந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"செத்த ஆளுக்கு முன்னால இருந்து சாப்பிடுதுகள்," என்றா உன் அம்மா. பிறகு பெட்டிக்கு நேராகத் திரும்பி, "இவரோ?" என்றா.

"ஓம் அன்ரி."

"இவ்வளவு சின்ன மனுசனோ?"

சுற்றி வந்து முதுகைப் பார்த்தா. சப்பாத்தைப் பார்த்தா. கைத்தடியைப் பார்த்தா. "தலை ஏன் பொம்மைத் தலை?"

"தலையைக் காய வைச்சவை. சரிவரேல்லை. வடிவில்லாமப் போச்சு. அதால மெழுகில செய்து வைச்சவை."

"பாவம்," என்றா முதலில். உடனே முகம் மாறியது. "எங்கட கோயிலுக்குப் புனிதர்ட எலும்பு வந்தது பிள்ளை, இப்பிடித்தான் கண்ணாடிக்குள்ள. வரிசையில நிண்டு தொட்டுக் கும்பிட்டனாங்கள். ஆனால் என்னைப் பெட்டிக்குள்ள வையுங்கோ எண்டு அந்தப் புனிதர் கேக்கேல்லை. இவர் கேட்டு வாங்கியிருக்கிறார். பெருமை பிடிச்ச மனுசன்."

"அவளும் அதைத்தான் சொன்னவள். பெட்டி அவற்ற பெருமை எண்டு."

"சொன்னவளோ?" அவவுக்கு அதில் ஒரு திருப்தி. கண்ணாடிக்கு அருகே போனா. அவருடைய முகத்துக்கு நேரே நின்று, மெல்லிய குரலில், மீன் சந்தையில் விலை பேசுவது போலத் தொடங்கினா. "ஐயா, உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. உங்களுக்கென்ன. நீங்கள் இருந்து எழுதினீங்கள். என்ர பிள்ளை அதைப் படிச்சிட்டு..." வலது கையை நீட்டிக் கண்ணாடியில் விரல் நுனிகளை வைத்தா. வைத்த கையை எடுத்து நெற்றியில் தொட்டா, நெஞ்சில் தொட்டா, இரண்டு தோள்களிலும் தொட்டா. கடைசியில் விரலை உதட்டில் வைத்து முத்தமிட்டா.

செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தா என்று அவவுக்கே தெரிந்தது.

"சீ! கை பழகிப் போச்சு," என்று கையைக் கோட்டில் துடைத்தா. சான்ட்விச் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஃபாதருக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை. கடவுளே இல்லையெண்ட மனுசனைக் கும்பிட்டிட்டன்." எனக்குச் சிரிப்பு வந்தது. அவவுக்கும் வந்தது. வாங்கில் உட்கார்ந்து இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அவவுடைய சிரிப்பு எப்போது மற்றதாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. தோல்பையை மடியில் அணைத்துக்கொண்டு குலுங்கினா.

நான் ஆஸ்பத்திரியில் கண்ட ஒன்றை அப்போது அவவுக்குச் சொன்னேன். போன மாதம் வைத்தியம் படிக்கும் ஓர் இளம் பெண், நம் ஊர் முதியவர் ஒருவரின் வயிற்றைச் சோதிக்க வந்தாள். தொடுவதற்கு முன் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கினாள். "கை குளிர்ந்தால் சொல்லச் சொல்லுங்கள்" என்று என்னிடம் சொன்னாள். நான் சொன்னேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, விரல்களால் எதையோ நினைவுபடுத்திப் பார்ப்பது போல மெதுவாக அழுத்தினாள். அந்த விரல்கள் யாரிடம் படித்தன என்று எனக்குத் தோன்றியது. அன்று முழுவதும் நான் அவளைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

"அது இவளட்டப் படிச்ச பிள்ளையோ?" என்றா உன் அம்மா.

"தெரியாது அன்ரி. ஆருக்கும் தெரியாது."

"சரி. அப்பிடியே வைச்சுக்கொள்ளுவம்." மூக்கைச் சீறித் துடைத்தா. "குடுத்ததில எனக்குக் கோவமில்லை பிள்ளை. குடுத்தது நல்லது. எனக்கு விளங்குது. குடுத்து முடிய, மிச்சத்தை ஏன் எனக்குத் தராமப் போனவள்? அதைத்தான் இந்த மனுசனைக் கேக்க வந்தனான்."

குழாய் அப்போது பேசியது. நான் வாய் திறக்க நினைக்கவில்லை. ஆனால் அது நீ சொன்னதுதானே, சொன்னது சொன்னபடி. "நீங்கள் மழைக்குள்ள வந்து நிப்பீங்கள், குளிர் பிடிக்கும் எண்டு பயந்தவள் அன்ரி. அதுக்காகத்தான்."

உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. கோபமாகப் பார்த்தா என்றுதான் முதலில் நினைத்தேன்.

"மழையில நிக்கிறது எனக்குக் கஷ்டம் எண்டு அவளுக்கு ஆர் சொன்னது?"

தோல்பையை மடியிலிருந்து இறக்கி வாங்கில் வைத்தா.

"அவளட அப்பாவுக்கு நான் எங்க போய் நிக்கிறது? நிக்க ஒரு இடமில்லை எண்டுதானே நாள் முழுக்க ஓடித் திரியிறன். ஓடுறதுதான் எனக்குக் கஷ்டம். நிக்கிறதில்லை." பையை மறுபடி மடியில் எடுத்து, "ஃபாதரைக் கேட்டனான். சாம்பல் எண்டாலும் மண்ணுக்குள்ள வைக்கலாமாம்," என்றா. பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவ போல எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டா. "வா, நாலரைப் பூசைக்கு நான் பூ வைக்க வேணும்."

இரயிலில் அவவை ஏற்றிவிட்டு நான் வீட்டுக்கு வரவில்லை. மறுபடி அவரிடம் போனேன். கண்ணாடியில் உன் அம்மாவின் விரல் அடையாளம் இன்னும் இருந்தது. உன் கணக்கை நான் முதல் முறையாக நீ இல்லாமல் போட்டுப் பார்த்தேன். இறந்தவருக்கு நோவு இல்லை. அதை நீயே ஒவ்வொரு வருடமும் உன் மாணவர்களை இங்கே கூட்டி வந்து சொல்வாய். அப்படியானால் அந்தப் பக்கத்தில் உன் விருப்பம் எவ்வளவு பாரம்? இந்தப் பக்கத்தில் ஒரு தாய் கோட்டுப் போட்டபடி தேநீர் ஊற்றுகிறாள். இன்னொன்றையும் நீதான் சொல்லித் தந்தாய். தன் சுகம் எது, தன் நோவு எது என்று அவரவருக்குத்தான் மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும் என்று இந்த மனிதர் நம்பினார். அரசனானாலும் குருவானாலும் இன்னொருவருக்காக அதை முடிவு செய்யக்கூடாது என்றார். நீ அன்பினால் உன் அம்மாவுக்காக முடிவு செய்தாய். நான் குழாயாக இருந்து தலையாட்டினேன்.

ஆனால் வாக்கு? உடம்பு வற்றி, போர்வைக்குள் இருந்து நீ என்னைப் பார்த்த பார்வை? அதற்கு எந்த விரலை மடக்குவது? அவருடைய கணக்கில் அதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். கேட்க முடியவில்லை என்பதுதான் என்னை இருப்புக் கொள்ளாமல் செய்கிறது. நீ வாதாடுவாய். நான் தோற்பேன். தோற்றுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவேன். இந்த முறை வாதாட ஆளில்லாமல் நானே தனியாக இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதும்போது மழை தொடங்கிவிட்டது. உன் அம்மா இப்போது பூசை முடிந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டிருப்பா. அவவுடைய கோட்டு மழைக்குத் தாங்காது.

நாளைக் காலை மருத்துவக் கல்லூரிக்கு நான் அழைப்பேன். இத்தனை வருட வேலையில் முதல் முறையாக, சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லப் போகிறேன். சாம்பலை நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்பேன். அதை எடுத்துக்கொண்டு எட்மண்டனுக்குப் போவேன். இதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை. ஏசுவதென்றால் நீ இன்றைக்கே ஏசிவிடு.

பச்சைச் சட்டையையும் கொண்டு போவேன். அவவுக்கு அது கொஞ்சம் நீளம். கையை மடித்து விடலாம். பைக்குள் இருக்கும் மிட்டாய்த் தாள் அப்படியே இருக்கட்டும்.